எட்டெழுத்தில் அடங்காத சிராங்கூன்

1992 தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மிளகாயும் மல்லியும் அரைத்துக் கொடுக்கும் மாவு மில். முன்கடையில் ஒரு கணினி, பின்கட்டில் ஒரு கணினி. மஞ்சள் தூள் படியாமலிருக்க இரண்டின் மேலும் பழைய வேட்டித் துணி போர்த்தியிருக்கும். இரண்டுக்கும் நடுவே தபால்காரர் மாதிரி ஒரு பிளாப்பி வட்டு நடந்துகொண்டிருந்தது. முன்கடையில் வாங்கிய ஆர்டர்களை அதில் ஏற்றிப் பின்கட்டுக்குக் கொண்டுபோய், வட்டாரத்துக்கு ஒரு பெயர் வைத்துச் சேமிப்பார் கணக்குப்பிள்ளை. அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வேனில் மூட்டை ஏறும்.

அன்று காலை சிராங்கூன் கார்டன்ஸுக்குப் போன வேன் திரும்பிவிட்டது. அடுத்தது சிராங்கூன் சாலை. அந்தப் பட்டியலைத் தேடினால், இல்லை.

கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தவருக்கு அப்போது இருபத்துமூன்று வயது. 1987-இல் கட்டப்பட்ட சிம் லிம் ஸ்குவேரில், கணினி பூட்டிக் கொடுக்கும் கடை ஒன்றில் வேலை. அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே வந்துவிடலாம். கடையில் தமிழ் பேசத் தெரிந்தவரும் இவர் ஒருவர்தான். அதனால் அந்த வட்டாரத்துக் கடைகளின் கணினி வில்லங்கம் எல்லாம் இவர் தலையில் விழும். இன்றும் விழுகிறது. தலைதான் நரைத்துவிட்டது.

பின்கட்டுக் கணினியின் முன் உட்கார்ந்து ‘டிர்’ என்று தட்டினார். கறுப்புத் திரையில் வட்டாரங்கள் வரிசையாக இறங்கின. கேலாங் இருந்தது. யீஷூன் இருந்தது. தோ பாயோ இருந்தது. அதற்குக் கீழே, கடைசி எழுத்து வெட்டுப்பட்ட ஒரு சிராங்கூன். ஒன்றே ஒன்று.

டாஸ் என்ற அந்தக் கால இயங்குதளத்தில் ஒரு கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்து, ஒரு புள்ளி, அதன் பின் மூன்று எழுத்து. அவ்வளவுதான் இடம். ஆங்கிலத்தில் தோ பாயோவை ஒட்டி எழுதினால் கச்சிதமாக எட்டு. கேலாங்குக்கு ஏழு. சிராங்கூனுக்கு ஒன்பது. கணக்குப்பிள்ளை முறையாகத்தான் செய்திருந்தார். ஒன்றுக்குச் சிராங்கூனோடு சாலைக்கு ‘ஆர்டி’ சேர்த்தார், மற்றதற்குக் கார்டன்ஸுக்கு ‘ஜிடிஎன்’ சேர்த்தார். எட்டுக்கு மேல் போனதையெல்லாம் டாஸ் சத்தமில்லாமல் நறுக்கிப் போட்டுவிட்டது. நறுக்கினால் இரண்டும் ஒரே பெயர். இரண்டாவது பட்டியல் முதலாவதின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதன் மேல் எழுதட்டுமா என்று கேட்கும் மரியாதையை ‘காப்பி’ கட்டளை 1993 கடைசியில் வந்த 6.2 பதிப்பில்தான் கற்றுக்கொண்டது. 1992-இல் திரை இரண்டு தடவையும் ஒரே நல்ல செய்தியைத்தான் சொல்லியிருக்கும்: ஒரு கோப்பு நகலெடுக்கப்பட்டது.

கணக்குப்பிள்ளை சனிக்கிழமை தவறாமல் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: “எட்டெழுத்துன்னா நமக்கு நாராயண மந்திரம் தம்பி. இது என்ன, ஊரையே வெட்டுற எட்டெழுத்தா இருக்கு?”

முதலாளி அதைவிடக் குறைவாகப் பேசினார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ‘555’ புத்தகத்தை எடுத்து மேலே போட்டார். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கடன் கணக்கு எழுத எந்த மளிகைக் கடையிலும் கிடந்த, சட்டைப்பைக்குள் அடங்கும் சின்னக் குறிப்புப் புத்தகம் அது. “இது சொல்லாமக் கொள்ளாம அழியாது தம்பி.”

அன்று வேன் ஓட்டுநரும் முன்கடைப் பெண்ணும் பக்கத்துக் காப்பிக்கடையில் உட்கார்ந்து, ஞாபகத்திலிருந்து பட்டியலை மறுபடி எழுதினார்கள். இரண்டு வாடிக்கையாளர்களுக்கு மல்லிக்குப் பதில் மிளகாய் போய்ச் சேர்ந்தது.

கட்டளை தட்டும் கறுப்புத் திரையா, படம் காட்டும் சாளரமா, புதிதாக வருகிறவர்களுக்கு எது நல்லது என்று யாராவது இவரிடம் கேட்டால் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்கிறார். கேட்பவர்கள், இவர் படத்தின் கட்சி என்று முடிவு செய்துகொள்கிறார்கள். கதையின் மறுபாதிக்குப் பதினெட்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

கறுப்புத் திரை கேட்ட விலை என்ன என்பதை, மாவு மில்லின் முன்கடைப் பெண்ணைப் பார்த்துத்தான் இவர் புரிந்துகொண்டார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர், தமிழில் படித்தவர், கணக்கில் புலி. ஓர் எழுத்து மாறினாலும் திரை ‘பேட் கமாண்ட்’ என்று ஆரம்பிக்கும். அந்த ‘பேட்’ என்ற சொல்லை மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு இவரிடம் வந்து முறையிட்டார். “நான் என்னண்ணே தப்புப் பண்ணேன்? எப்பப் பாத்தாலும் கெட்டவ கெட்டவங்குது.”

சிரிக்கக்கூடிய விஷயமாகத் தோன்றும். ஆனால் கணினியோடு ஒரு மனுஷிக்கு ஏற்படும் முதல் உறவு அந்த ஒரு வாரத்தில் தீர்மானமாகிவிடுகிறது.

அந்தக் கறுப்புத் திரையிடமும் ஒரு கருணை இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். டாஸில் ஒரு கோப்பை அழித்தால் அது உடனே அழிவதில்லை. பெயர்ப் பட்டியலில் முதல் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு, அங்கே ஓர் அடையாளக் குறியை வைத்துவிடும். மற்றதெல்லாம் வட்டில் அப்படியே கிடக்கும், வேறு ஏதாவது வந்து அந்த இடத்தைப் பிடிக்கிறவரை. 1991-இல் வந்த 5-ஆம் பதிப்பு ‘அன்டிலீட்’ என்று ஒரு கட்டளையைக் கொடுத்தது. அதைத் தட்டினால் கேள்விக்குறியில் தொடங்கும் பெயர்களைக் காட்டி, முதல் எழுத்து என்ன என்று கேட்கும். சொன்னால் கோப்பு எழுந்து வந்துவிடும். இழந்த பொருளின் பெயரை உரியவர் வாயாலேயே கேட்டு வாங்கித் திருப்பித் தருகிற அந்த நாகரிகம் இவருக்கு ரொம்பப் பிடிக்கும். மில்லில் அது உதவவில்லை. அழித்ததை எழுப்பலாம், மேலே எழுதியதை எழுப்ப முடியாது.

மில் சம்பவத்துக்குப் பிறகு லிட்டில் இந்தியாவில் இவர் கைவைத்த கணினிகளில் எல்லாம் நீலத் திரை வந்தது. ஜான் சோச்சா எழுதி 1986-இல் வெளியான நார்ட்டன் கமாண்டர். இடப்பக்கம் ஒரு பலகம், வலப்பக்கம் ஒரு பலகம். இங்கே இருப்பது அங்கே போகும். எது எங்கே இருக்கிறது என்பது இரண்டு பக்கமும் கண்ணெதிரே தெரியும். எஃப்5 அழுத்தினால் நகல், எஃப்6 அழுத்தினால் இடமாற்றம், எஃப்8 அழுத்தினால் அழிப்பு. சுட்டெலி வேண்டாம், எழுத்துக்கூட்ட வேண்டாம். இவர் ஒரு நீளக் காகிதத்தை வெட்டி, ‘நகல்’, ‘நகர்த்து’, ‘அழி’ என்று தமிழில் எழுதி, விசைப்பலகையின் மேல் வரிசைக்கு நேராக ஒட்டிவிடுவார். முன்கடைப் பெண் இரண்டு நாளில் பிடித்துக்கொண்டார். முப்பது வருடம் கழித்தும், புதிதாக வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல கருவியைத் தான் பார்க்கவில்லை என்கிறார் இவர். அதில் படமும் இல்லை, கட்டளை மனப்பாடமும் இல்லை. இருந்ததெல்லாம் இரண்டு இடம், நடுவில் ஒரு செயல்.

பிறகு மஞ்சப்பை வந்தது.

கணினித் திரையை அலுவலக மேசையாகப் பாவிக்கும் யோசனை 1981-இன் ஜெராக்ஸ் ஸ்டாரிலும் 1984-இன் மெக்கின்டாஷிலும் கடைக்கு வந்துவிட்டது. சிராங்கூன் சாலையை அது எட்டிப்பார்த்தது விண்டோஸ் 3.1-ஓடு. அமெரிக்க அலுவலகத்துக் குமாஸ்தாவுக்கு, கோப்புகள் இருக்கும் இடத்தைக் காட்டும் அந்த மஞ்சள் படம், காகிதம் போட்டு வைக்கும் மணிலா அட்டை உறை. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் எந்தக் கடையில் மணிலா உறை இருந்தது? ரசீதுகளை ஒரு கம்பியில் குத்திச் சுவரில் மாட்டியிருப்பார்கள். தமிழில் ‘கோப்பு’ என்ற சொல்லே கோப்பதிலிருந்து வந்ததுதான். ஆங்கிலத்து ‘ஃபைல்’ என்ற சொல்லும் நூலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இரண்டு மொழியும் ஒரே கம்பியில்தான் காகிதத்தைக் கோத்து வைத்திருந்தன. ஆனால் திரையில் வந்தது உறை. கடைப் பையன்கள் அதைப் பார்த்த மாத்திரத்தில் ‘மஞ்சப்பை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஊரிலிருந்து கிளம்பும்போது கையில் இருந்த அதே மஞ்சப்பை. மைக்ரோசாஃப்ட் கனவிலும் நினைக்காத இந்தப் பெயரை இவர் இன்றுவரை விடவில்லை. பைக்குள் பை போடலாம் என்பது யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

1995 ஆகஸ்ட் 24-ஆம் தேதி விண்டோஸ் 95 வந்தது. சமூக மன்றங்களில் கணினி வகுப்புகள் பெருகின. இவரும் மாலையில் ஒரு மன்றத்தில் தமிழில் சொல்லிக்கொடுக்கப் போனார். படம்தானே, கண்ணால் பார்த்துக் கையால் தொட்டால் போதும் என்று நினைத்துத்தான் போனார். முதல் வகுப்பிலேயே ஒரு பாட்டிம்மா அந்த நினைப்பைக் கலைத்தார். மஞ்சப்பையைத் திறக்க இரண்டு தட்டு தட்ட வேண்டும், இரண்டுக்கும் நடுவில் அரை விநாடிதான் அவகாசம். பாட்டிம்மாவின் விரல் ஒரு தட்டுத் தட்டும், நிதானிக்கும், இரண்டாவது தட்டும். பை திறக்காது, பெயரை மாற்றும் கட்டம்தான் திறக்கும். மூன்றாவது முயற்சியில் கை நடுங்கி, பை பக்கத்துப் பைக்குள் விழுந்துவிட்டது.

“வாத்தியாரே, பைய காணோம்.”

“எங்கம்மா வச்சீங்க?”

“நான் எங்கயும் வெக்கல. அதுவாப் போயிருச்சு.”

இந்த ‘அதுவாப் போயிருச்சு’ என்பதை முப்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பார் என்று இவருக்கே கணக்கில்லை. கறுப்புத் திரையில் எதுவும் அதுவாகப் போகாது. தப்பாகத் தட்டினாலும், தட்டியது அந்த வரியில் எழுத்தாக நிற்கும். படத்தில் செய்த காரியம் செய்த கணத்தில் மறைந்துவிடுகிறது. கண்ட்ரோலோடு இசட் அழுத்தினால் விண்டோஸ் 95-இலிருந்தே அந்தப் பை திரும்பி வந்துவிடும். அதைத் திரையில் எந்தப் படமும் உரக்கச் சொல்வதில்லை. இவர் முதல் பாடத்திலேயே அதைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். எப்படித் திறப்பது என்பதற்கு முன்னால், எப்படிப் பின்வாங்குவது. விண்டோஸ் 98 வந்ததும், ஒரே தட்டில் திறக்கும்படி எல்லா மூத்தோரின் கணினியிலும் மாற்றி வைத்தார்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரே வட்டுக்குள் பையை இழுத்து வேறிடத்தில் விட்டால் அது இடம் மாறும். வேறு வட்டுக்கு இழுத்தால் நகலாகும். கை செய்வது ஒரே வேலை, விளைவு இரண்டு. அன்று வைத்த விதி இன்றைய விண்டோஸிலும் மாறவில்லை. எளிமை என்று விற்கப்பட்ட ஒன்றின் அடியில் இப்படி ஒரு பொடி எழுத்து. இவருக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

அதே வகுப்பில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். வேலைக்காலம் முழுக்க டெலெக்ஸ் இயந்திரத்தில் தட்டச்சு செய்தவர். சுட்டெலியைத் தொடவே மாட்டார். “அங்கிள், படம் பிடிக்கலையா?” என்று கேட்டால், “இது ஊமை பாஷைப்பா. எனக்கு வாயிருக்கு, நான் சொல்றேன், அது செய்யட்டும்” என்பார். கறுப்புச் சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தேதி, நேரம், அளவு என்று பத்தி பத்தியாக இறங்கும் பட்டியலை ரசித்துப் படிப்பார். புதியவர்களுக்குப் படம்தான் எளிது என்று பொதுவாகச் சொல்கிறவர்கள் ஒரே மாதிரிப் புதியவரை மட்டும் பார்த்தவர்கள் என்பது இவர் எண்ணம். பாட்டிம்மாவின் விரலும் புதியதுதான், அங்கிளின் பத்து விரலும் புதியவைதான்.

விண்டோஸ் 95 வந்து ஒரே வாரத்தில், 1995 செப்டம்பர் 1-ஆம் தேதி, சிங்கப்பூரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஆனால் இவர் பாடத்தை மாற்றியது அஞ்சல் குறியீடுதான். தேக்கா நிலையத்தின் முகவரி, பஃப்ளோ ரோடு புளோக் 665. அதன் அஞ்சல் குறியீடு 210665. கடைசி மூன்று எண்ணும் புளோக் எண்ணேதான். வகுப்பில் ஒரு வெள்ளைப் பலகையில் இதை எழுதிவிட்டு, தேக்காவில் பிரியாணிக் கடைக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்பார். சிங்கப்பூர், பஃப்ளோ ரோடு, புளோக் 665, முதல் தளம், கடை எண். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு சாய்கோடு போடுவார். “இதுதாங்க பாதை. உங்க கோப்புக்கும் இப்படி ஒரு அட்ரஸ் இருக்கு.” வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை.

பிறகுதான் கறுப்புச் சாளரத்தைத் திறப்பார். அரை மணி நேரம், அதற்கு மேல் இல்லை. ‘சிடி’யோடு ஒரு பையின் பெயரைத் தட்டினால் மின்தூக்கியில் ஒரு தளம் உள்ளே போகிறோம். ‘சிடி’யோடு இரண்டு புள்ளி வைத்தால் ஒரு தளம் வெளியே வருகிறோம். ஒவ்வொரு தடவையும், நாம் நிற்கிற இடத்தின் முழு முகவரியும் வரியின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கும். சாளரத்தில் படமாகப் பார்த்தால் எல்லாப் பையும் ஒரே மஞ்சள். எந்தத் தளத்தில் நிற்கிறோம் என்பதற்குக் கண்ணில் அறைகிற மாதிரி எதுவும் இல்லை. அரை மணி நேரம் அப்படி ஏறி இறங்கிய பிறகு சாளரத்தை மூடச் சொல்லிவிட்டு, அதே பாதையைச் சுட்டெலியால் போய்வரச் சொல்வார். யாரும் கட்டளைகளை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. வைத்துக்கொள்ள வேண்டும் என்று இவர் எதிர்பார்ப்பதும் இல்லை. ஆனால் மறுவாரம் ‘அதுவாப் போயிருச்சு’ குறைந்திருக்கும். பாட்டிம்மா ஒருநாள் எழுந்து நின்று, “வாத்தியாரே, என் பை ரெண்டாவது மாடில இறங்கிருச்சு” என்றார். அன்று இரவு இவர் வீட்டுக்குப் போனபோது கொஞ்சம் மிதந்துகொண்டுதான் போனார்.

படம் மறைக்கிற விஷயங்களிலேயே ஆபத்தானது, பெயரின் வால். தெரிந்த வகைக் கோப்புகளின் கடைசி மூன்று எழுத்தை விண்டோஸ் தானாகவே மறைத்துவிடும், பார்க்க அழகாக இருக்கும் என்று. 2000 மே மாதத்தில் காதல் கடிதம் என்ற பெயரில் உலகமெங்கும் ஒரு மின்னஞ்சல் பரவியதே, அதன் இணைப்பு எழுத்துக் கோப்பு மாதிரிப் பெயர் வைத்துக்கொண்டு, பின்னால் ‘விபிஎஸ்’ என்று ஒரு வாலை ஒளித்திருந்தது. வால் தெரியாதவர்கள் கடிதம் என்று திறந்தார்கள். அது கடிதமல்ல, ஓடுகிற நிரல். கணினியில் இருந்த படக் கோப்புகளை அழித்து அவற்றின் இடத்தில் தன்னை எழுதி வைத்தது. அந்த வாரம் கல்யாண ஆல்பத்தை இழந்து அழுத குடும்பங்களை இவர் பார்த்திருக்கிறார். ‘டிர்’ தட்டியிருந்தால் வால் தெரிந்திருக்கும். யார் தட்டப்போகிறார்கள்?

இனி அந்த மறுபாதி. 2010-ஐ ஒட்டிய வருடங்கள். டிரெக் என்ற சிங்கப்பூர் நிறுவனம் 2000-இல் ‘தம்ப்டிரைவ்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கிய விரற்கட்டைச் சேமிப்பான், அதற்குள் எல்லாருடைய சாவிக்கொத்திலும் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கும் விடுதிகளிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு வரும் ஊழியர்களின் சட்டைப்பையிலும் அதுதான். படம், பாட்டு, ஊரில் எடுத்த காதுகுத்து வீடியோ. ஒரு மாலை, கட்டுமான வேலை செய்யும் இளைஞர் ஒருவர் வந்து அதை மேசையில் வைத்தார். குரலே வரவில்லை.

“அண்ணே, தங்கச்சி கல்யாணப் படம் பூரா இதுலதான். எல்லாம் போச்சு. திறந்தா ஒண்ணும் இல்ல, வெறும் அம்புக்குறி.”

இவர் செருகிப் பார்த்தார். பைகள் இருந்த இடத்தில் எல்லாம், மூலையில் அம்புக்குறி போட்ட போலிப் பைகள். இன்டர்நெட் கடைகளில் அப்போது சுற்றிக்கொண்டிருந்த நச்சுநிரலின் வேலை. உண்மைப் பைகளின் மேல் ‘மறைந்தது’, ‘சிஸ்டத்துக்கு உரியது’ என்று இரண்டு முத்திரைகளைக் குத்திவிட்டு, அவற்றின் பெயரில் போலிகளை வைத்துவிடும். போலியைத் தட்டினால் நச்சுநிரல் அந்தக் கணினிக்கும் தாவும். இதைப் படத்தின் வழியாகச் சரிசெய்ய முடியாது. மறைந்த பையைக் காட்டச் சொல்லி, அதன் பண்புகளைத் திறந்தால், ‘மறைந்தது’ என்ற கட்டம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். இரண்டாவது முத்திரை இருக்கும்வரை முதலாவதைத் தொட விடாது.

கறுப்புச் சாளரத்தைத் திறந்தார். ‘அட்ரிப்’ என்று தட்டி, கழித்தல் குறி போட்டு இரண்டு முத்திரைகளின் முதலெழுத்தையும் சேர்த்து, உள்ளே இருக்கும் பைகளுக்கும் அப்படியே செய் என்று ஒட்டுப் போட்டார். ஒரு வரி. நுழைவு விசை. விளக்கு சில விநாடி மினுக்கியது. சாளரத்தை மூடிவிட்டு மறுபடி திறந்தார். அம்புக்குறிகளுக்குப் பக்கத்தில், பழைய மஞ்சப்பைகள் அத்தனையும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இளைஞர் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சிராங்கூனை விழுங்கிய அதே கறுப்புத் திரை, இப்போது ஒரு கல்யாணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தது.

காசு வாங்கவில்லை. அந்த ஒரு வரியைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பினார். அடுத்த ஞாயிறு அதே விடுதியிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். சீட்டில் இருந்ததைத் தட்டத் தெரியவில்லை, ஓர் இடைவெளி விட்டால் போகிறதாம், விடாவிட்டால் போகவில்லையாம்.

ஒரே ஒரு விஷயத்தில் படம் கறுப்புத் திரையைத் தலைகுப்புறத் தோற்கடித்தது. அது தமிழ். சிங்கப்பூரில் தமிழ் இணையம் ஏறியது சீக்கிரம். தேசியக் கல்விக் கழக விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி உருவாக்கிய எழுத்துருவோடு, 1995 அக்டோபரில் நான்கு மொழிக் கவிதைத் தளத்தில் தமிழ் வந்தது; 1997 மே மாதம் தமிழ் இணையத்துக்கென்றே ஒரு மாநாடு இங்கே நடந்தது. 1999-இல் அவர் காலமானார். அந்தக் காலத்துக் கோப்புகள் எல்லாம் உள்ளே தமிழ், உறையின் மேல் ஆங்கிலம். பெயரைத் தமிழில் வைத்தால், எழுத்துரு இல்லாத கணினியில் கோணல் மாணலாகத் தெரியும். விண்டோஸ் 2000-இல் யூனிகோட் தமிழ் வந்த பிறகுதான் மஞ்சப்பையின் கீழே ‘தீபாவளி’ என்று எழுத முடிந்தது.

எழுதிவிட்டு, பழக்க தோஷத்தில் இவர் கறுப்புச் சாளரத்தில் ‘டிர்’ தட்டினார். தீபாவளிக்கு நான்கெழுத்து. திரையில் வந்தவை ஏழு கேள்விக்குறிகள். யூனிகோட்டில் ‘தீ’ என்பது ‘த’ தனி, மேலே சுழிக்கும் ஈகாரக் குறி தனி, ‘பா’வும் ‘ளி’யும் அப்படியே, ‘வ’ மட்டும் ஒன்று. ஆக ஏழு. கறுப்புச் சாளரம் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம். எழுத்துக்கு ஒரு கட்டம், எல்லாக் கட்டமும் ஒரே அகலம். ‘கொ’ மாதிரி முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் வைத்துக்கொண்டு வருகிற எழுத்தை எந்தக் கட்டத்தில் உட்கார வைப்பது? ஆங்கிலத்துக்குத் தைத்த சட்டை அது. கறுப்புத் திரையின் பெருமை பேசும் இளம் நிரலாளர்களிடம் இவர் இந்த ஏழு கேள்விக்குறிகளைப் பற்றிச் சொல்வதுண்டு. அவர்கள் பெயரைத் தமிழில் வைத்துப் பழகியதில்லையாதலால் சுவாரசியமாகக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

இப்போது இரண்டுமே போய்க்கொண்டிருக்கின்றன. 2010-இல் வந்த ஐபேடில் கோப்புகளைக் காட்டும் சாளரமே கிடையாது. ஏழு வருடம் கழித்து, 2017-இல்தான் ஆப்பிள் அதற்கென்று ஒரு செயலியைக் கொடுத்தது. பேரப்பிள்ளைகளின் வகுப்பில் மஞ்சப்பை என்றால் என்ன என்று கேட்கிறார்கள். பெயரைத் தட்டித் தேடினால் வருகிறது, எங்கே இருந்தால் என்ன? அதுவும் ஒரு வகையில் கட்டளைதான். சுற்றிச் சுற்றி மறுபடி தட்டுகிற இடத்துக்கே வந்து நிற்கிறோம். ஒரு நிபந்தனை, பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை கேம்பல் லேன் பக்கம் ஒரு தம்பி கைப்பேசியை நீட்டினார். சம்பளத்தில் கணக்கு உதைக்கிறது. ஒரு வருடத்துச் சம்பளச் சீட்டுகளை மொத்தமாகக் காட்ட வேண்டும். விவரம் பிரித்துப் போட்ட சம்பளச் சீட்டை முதலாளிகள் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்பது 2016 ஏப்ரல் முதல் சட்டம். கொடுத்தும் இருக்கிறார்கள், மாதாமாதம் வாட்ஸ்அப்பில். அந்தக் கோப்புகள் கைப்பேசியில் எங்கே இருக்கின்றன? ‘ஆண்ட்ராய்டு’ என்ற பைக்குள் ‘மீடியா’ என்ற பை, அதற்குள் வாட்ஸ்அப்பின் பை, இப்படி ஆறு பைகளுக்கு உள்ளே. பெயரோ ‘டாக்’, ஒரு தேதி, ‘டபிள்யூஏ’, நான்கு எண். சம்பளம் என்ற சொல் எதிலும் கிடையாது. தேடினால் எப்படி வரும்?

காப்பிக்கடையில் இரண்டு தே தாரிக் சொல்லிவிட்டு, இவர் பலகைப் பாடத்தை ஒரு நாப்கினில் எழுதினார். பஃப்ளோ ரோடு, புளோக் 665. தம்பிக்குச் சட்டென்று பிடிபட்டது. ஆறு தளம் தானே இறங்கினார். பன்னிரண்டு சீட்டுகளையும் அள்ளி வெளியே கொண்டுவந்து, புதிதாக ஒரு பை திறந்தார். பெயர் கேட்டது. தமிழ் விசைப்பலகைக்கு மாற்றி, கட்டைவிரலால் ‘சம்பளம்’ என்று தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“எவ்ளோ பெரிய பேருனாலும் வெக்கலாமாண்ணே?”

இவருக்கு மனசுக்குள் கணக்கு ஓடியது. கைப்பேசியில் ஒரு பெயருக்கு 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. வகுத்தால் எண்பத்தைந்து. ‘சிராங்கூன் சாலை’க்குப் பதினான்கும் ஓர் இடைவெளியும் போதும்.

“தாராளமா வை” என்றார்.